மலை கடந்த குரலும் அதனைச் சுமந்த அலையும்

தமிழுக்கு இலக்கணம் வகுத்த அகத்திய முனிவர் பொதிய மலையில் உறைந்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. அப்பொதியத்தின் முடியாகிய அகத்தியர் கூடம் கடல் மட்டத்திற்கு மேல் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. அதன் மேற்கு அடிவாரத்தில், நெடுமங்காடும் விதுராவும் கடந்து, காட்டினூடே வளைந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவில் இருப்பது நம் போனக்காடு.

தமிழ் முனிவரின் மலையடியிலே நம்மவர் குடியேறினர். ஆயினும் தமிழ்நாடு மலைக்கு அப்புறத்தில் இருந்தது. முகட்டிற்குக் கிழக்கே பாபநாசம், அதற்கும் அப்பால் அம்பாசமுத்திரம், பின்னர்த் திருநெல்வேலி. பறவை பறக்கும் கணக்கில் போனக்காட்டிலிருந்து திருநெல்வேலி 60 கிலோமீட்டருக்கும் குறைவே. மனிதர் போகும் கணக்கிலோ, மலையை விட்டு முற்றும் இறங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவோ ஆரியங்காவு வழியாகவோ சுற்றிச் செல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அந்த முகடே இரு மாநிலங்களின் எல்லைக் கோடும் ஆயிற்று.

ஆங்கிலேயர் உண்டாக்கிய தேயிலைத் தோட்டத்திற்குக் கொழுந்து கிள்ள வந்து, லயங்களில் குடியமர்ந்த நம் குடும்பங்களுக்கு ஊர்ச் செய்தி எப்படி வந்தது? கடிதம் வந்தது, திருவிழாவிற்குப் போய் மீண்டவர் வாய்ச்சொல் வந்தது. இவ்விரண்டும் நாள் கணக்கில் நடந்து வந்தவை. கால் நோகாமல், மலை ஏறாமல், அன்றைய செய்தியை அன்றே கொண்டு வந்தது ஒன்றே ஒன்று. அதுதான் வானொலிக் குரல்.

அக்குரலைப் பற்றி எழுதியோர் பலர். அதனைச் சுமந்து வந்த அலையைப் பற்றி எழுதியோர் சிலரே. இவ்வாண்டு விழா மலரில் அந்தச் சுமையாளியின் வரலாற்றை நம் காலனிக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகின்றோம். இது பொறியியற் செய்திபோலத் தோன்றும். ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால், "செலவை யார் ஏற்பது?" என்னும் பழைய கேள்வியே இதன் மையமாக நிற்பதைக் காணலாம்.

அஞ்சலோட்டக்காரரும் ஊர்தி அலையும்

திருவிதாங்கூர் அரசு தனக்கென்று ஓர் அஞ்சல் துறை வைத்திருந்தது. 1951-இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. அந்நாள் அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலைக் கையிலேந்தி, பையைத் தோளிலிட்டு ஓடுவார். பையில் நூறு கடிதம் இருந்தாலும் ஓட்டம் அதுவே; ஒன்றும் இல்லாத நாளிலும் ஓட்டம் அதுவே. அரசு அவருக்குக் கொடுத்த கூலியும் இரண்டு நாளும் ஒன்றே.

வானொலி நிலையம் அனுப்பும் அலையும் அத்தகையதே. மனிதக் குரலின் அதிர்வு வினாடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் வரையிலானது. அதை அப்படியே மின்னாக்கி ஏரியலில் விட்டால் அது வெளியே பரவாது. ஆகவே வினாடிக்குப் பல இலட்சம் தடவை அதிரும் வலிய அலை ஒன்றை உண்டாக்கி, அதன் வீச்சைக் குரலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றனர். சுமக்கும் அலைக்கு ஊர்தி அலை என்று பெயர். குரலை அதன்மேல் ஏற்றும் வினைக்குப் பண்பேற்றம் என்று பெயர்.

திருச்சி வானொலியின் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த 936 என்னும் எண்ணை மூத்தோர் மறந்திரார். அந்த ஊர்தி அலை வினாடிக்கு 9,36,000 தடவை அதிர்ந்தது என்பதே அதன் பொருள். அதன்மேல் 1,000 அதிர்வுள்ள ஓர் ஒலியை ஏற்றினால், ஊர்தி அலைக்கு இருபுறமும் 9,35,000 என்றும் 9,37,000 என்றும் இரண்டு புதிய அலைகள் தோன்றும். இவற்றைப் பக்கப் பட்டைகள் என்பர். குரல் முழுவதும் இவ்விரண்டினுள்தான் இருக்கின்றது. நடுவில் நிற்கும் ஊர்தி அலையில் ஒரு சொல்லும் இல்லை.

ஈண்டுப் பலர் மயங்குவது உண்டு. "வீச்சு கூடிக் குறைகின்றதே, அப்படியானால் ஊர்தி அலையின் அளவும் மாறுகின்றதன்றோ?" என்று கேட்பர். மாறுவது கூட்டுத்தொகை. குரல் உச்சத்தில் மொத்த வீச்சு இரு மடங்காகின்றது; பள்ளத்தில் இன்மை வரை இறங்குகின்றது. ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் சராசரி அசையாமல் நிற்கின்றது. அந்த அசையாத பகுதியே ஊர்தி அலை. பை நிறைந்தாலும் வெறுமையானாலும் ஓட்டக்காரரின் ஓட்டம் மாறாதது போலவே இதுவும்.

ஒரு சிறு கணக்கு

100 கிலோவாட் ஆற்றலுள்ள ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஊர்தி அலைக்கு மட்டும் 100 கிலோவாட். சீரான ஓர் ஒலியால் முழு அளவு பண்பேற்றினால், பக்கப் பட்டை ஒவ்வொன்றும் 25 கிலோவாட் பெறும். மொத்தம் 150. அதாவது, மிக நல்ல வேளையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் சொல்லற்ற ஊர்திக்கே போகின்றது.

பேச்சோ எப்போதும் உச்சத்தில் நிற்பதன்று. பண்பேற்றம் நூற்றுக்கு முப்பது அளவில் இருக்கும்போது பக்கப் பட்டைகள் இரண்டும் சேர்ந்து பெறுவது 4.5 கிலோவாட் மட்டுமே. செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்க நிறுத்தும் கணத்தில் அதுவும் இல்லை. ஊர்தி அலை மட்டும் தன் 100 கிலோவாட்டோடு வெறும் பையைத் தோளிலிட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒலிபரப்பு நிலையத்தில் இரவுக் காவல் இருந்த பொறியாளருக்கு இக்கணக்கு மீட்டர் முள்ளிலேயே தெரிந்தது. ஏரியல் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள், சீரான ஒலியால் பண்பேற்றம் முழுமை எய்தும்போது 22.5 விழுக்காடு உயரும். இறுதி நிலை வால்விற்குச் செல்லும் நேர்மின்னோட்டத்தைக் காட்டும் முள்ளோ அசையாமல் நிற்க வேண்டும். குரல் ஏறும்போது அந்த முள் கீழே சரிந்தால் நோய் உண்டு என்று பொருள். மின் வழங்கி சுமை தாங்காமல் தளர்ந்திருக்கும். அல்லது வால்வு முதுமை எய்தியிருக்கும். முள் மேலே எழும்பினால் அளவு மீறிப் பண்பேற்றினர் என ஐயுற வேண்டும். இப்பிறழ்ச்சிக்கு ஊர்தி நழுவல் என்று பெயரிடலாம். ஊர்தி அலை நழுவாமல் காப்பதே நல்ல நிலையத்தின் இலக்கணமாக நெடுங்காலம் மதிக்கப்பட்டது.

குரல் அலையேறிய வரலாறு

1900-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் காப் தீவில் ரெஜினால்டு ஃபெசன்டென் என்பார் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தொலைவிற்குக் கம்பியின்றிப் பேச்சை அனுப்பினார். பொறித்துச் சிதறும் அலையின்மீது ஏற்றிய அப்பேச்சு இரைச்சலோடே கேட்டது. குரலைச் சுமக்க அறாத அலை வேண்டும் என்பது அவர் கொள்கை. வெற்றிட வால்வு பெருகியபின் அத்தகைய அலை எளிதாயிற்று. அமெரிக்கரான ரேமண்ட் ஹைசிங் வகுத்த பண்பேற்ற முறை முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் பெரிதும் வழங்கிற்று.

தமிழ்நாடு பிந்தி நிற்கவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924 மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு சூலை 31-இல் 40 வாட் ஆற்றலோடு ஒலிபரப்பும் தொடங்கிற்று. 40 வாட் என்பது ஒரு சிறு மின்விளக்கின் அளவு! பணமுடையால் கழகம் 1927-இல் ஓய்ந்தது. பின்னர்ச் சென்னை மாநகராட்சி 1930-இல் அப்பணியை ஏற்று நடத்திற்று. 1938 சூன் 16-இல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் 5 கிலோவாட் மத்திய அலையோடு திருச்சி நிலையமும் எழுந்தன.

நம் பக்கத்தில், 1943 மார்ச் 12-ஆம் நாள் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையத்தைத் தொடங்கி வைத்தார். 1950 ஏப்ரல் 1-இல் அது ஆல் இந்தியா ரேடியோவைச் சேர்ந்தது. கடலுக்கு அப்பால், 1925 முதலே ஒலிபரப்பு நடத்தி வந்த கொழும்பு, 1950-இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைத் தொடங்கிற்று. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாடெங்கும் வீட்டுக் குரலாயிற்று. 1963 டிசம்பர் 1-இல் திருநெல்வேலி நிலையம் பிறந்தது. மலைக்கு அப்புறத்து அயலார் பேச்சு வழக்கே வானொலியில் ஒலித்தது.

இரவில் வந்த விருந்தினர்

திருவனந்தபுரம் நமக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கொழும்பு 350, திருச்சி 290, சென்னை 600. மத்திய அலை பகலில் நிலத்தைத் தழுவியே செல்லும். கடல் நீர்மேல் நெடுந்தொலைவு போகும். காடும் கல்லும் நிறைந்த மலை நிலத்தில் விரைவில் சோர்ந்து விடும். கதிரவன் மறைந்தபின் வான்வழி திறக்கின்றது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மின்னூட்டப் படலம் அலையைத் திருப்பி நிலத்திற்கு அனுப்புகின்றது. பகலில் அதன் கீழே நின்று அலையை விழுங்கும் மற்றொரு படலம் இரவில் கரைந்து விடுவதே இதற்குக் காரணம்.

இப்படலத்தின் வரலாற்றிலும் நம் மலைக்கு இடமுண்டு. திருவனந்தபுரம் வான்காட்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் 1855-இல் அகத்தியர் கூடத்தின் முடியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, காந்த ஊசியின் நாள்தோறுமான சிற்றசைவை அளக்கலானார். காந்த ஊசியின் அன்றாட அசைவிற்கு மேல்வானில் ஓடும் மின்னோட்டமே காரணமாகலாம் என்று பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882-இல் கருதினார். அம்மின் படலம் மெய்யே உண்டென்பதை எட்வர்டு ஆப்பிள்டன் 1924-இல், சென்னைக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கிய அதே ஆண்டில், வானொலி அலைகொண்டே நிறுவினார். நம் மலைமுடியில் ஊசியை அசைத்த அதே மேல்வானம்தான், இரவில் திருச்சிக் குரலை நம் லயங்களில் இறக்கி வைத்தது.

வான்வழி வந்த குரலைக் கேட்டோர் ஒன்றைக் கவனித்திருப்பர். நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று பானைக்குள்ளிருந்து பாடுவதுபோல் நெளியும். சிறிது நேரத்தில் தானே தெளியும். படலத்தில் பட்டு வேறு வேறு பாதையில் வரும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் சில வேளை ஊர்தி அலை மட்டும் தேய்ந்து, பக்கப் பட்டைகள் தேயாமல் வருகின்றன. கடிதங்கள் வந்து சேர்ந்தன. கொண்டு வந்தவரைக் காணோம்! பெட்டி அவற்றைப் பிரித்துப் படிக்க இயலாமல் தடுமாறுகின்றது. சொல்லற்ற அலையால் என்ன பயன் என்று கேட்போர்க்கு அந்த நெளிந்த குரலே விடை.

ஊர்தியை நீக்கிப் பார்த்தோர்

பொறியாளர் இவ்வீண் செலவை அறியாதவர் அல்லர். 1915-இலேயே அமெரிக்கரான ஜான் கார்சன், பக்கப் பட்டை இரண்டும் ஒரே செய்தியையே தாங்குவதால் ஒன்றே போதும் என்றும், ஊர்தி அலையை அனுப்பாமலே விடலாம் என்றும் கண்டார். 1927 சனவரி 7-இல் இலண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே தொடங்கிய வானொலித் தொலைபேசி இம்முறையிலேயே நடந்தது.

ஆயின் ஒலிபரப்பில் இது ஏன் வழங்கவில்லை? தொலைபேசிக்குக் கேட்கும் நிலையம் ஒன்றே. அனுப்பாத ஊர்தி அலையைப் பெறும் இடத்தில் புதிதாக உண்டாக்கிச் சேர்க்க நுட்பமான கருவி வேண்டும். அதை ஒரு நிலையத்தில் வைப்பது எளிது. ஒலிபரப்பைக் கேட்போரோ இலட்சக்கணக்கான வீட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அக்கருவியை வைக்க அக்காலத்தில் யாரால் இயலும்? ஊர்தி அலை முழுதாக வந்தால் ஒரு படிகத் துண்டும் சிறிது கம்பியுமே குரலைப் பிரிக்கப் போதும். அத்தகைய படிக உணரிக்கு நம் ஜகதீச சந்திர போஸ் 1901-இல் உரிமம் வேண்டி விண்ணப்பித்து 1904-இல் பெற்றார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

ஆகவே ஊர்தி அலைக்கான செலவு வீண் செலவு அன்று. நிலையம் ஒன்று பெருஞ்செலவை ஏற்றதால் இலட்சம் வீடுகளில் பெட்டி மலிவாயிற்று. எழுதப்படாத ஓர் உடன்படிக்கை என்றே இதனைச் சொல்லலாம். 1960-களில் டிரான்சிஸ்டர் பெட்டி பரவி, மின்சாரம் எட்டாத வீட்டிலும் இரண்டு பாட்டரிக் கட்டையில் தமிழ் ஒலித்ததற்கு அடிப்படை இந்த உடன்படிக்கையே.

சிக்கனம் தேடியோர்

உடன்படிக்கையை முறிக்காமலே செலவைக் குறைக்க முயன்றோர் உண்டு. 1934-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர் நிலையம் 500 கிலோவாட் ஆற்றலை எட்டியபோது மின்செலவின் சுமை வெளிப்படையாயிற்று. 1935-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஷிரே ஒரு வழியும், 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் டோஹர்ட்டி மற்றொரு வழியும் கண்டனர். பழைய நேர்கோட்டுப் பெருக்கி, உறிஞ்சும் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கையே அலையாக்கிற்று. டோஹர்ட்டியின் பெருக்கி அதனை 60 விழுக்காட்டிற்கு மேல் உயர்த்திற்று. இங்கே ஓட்டக்காரரின் ஓட்டம் குறையவில்லை. அவர் உண்ணும் சோற்றில் வீணாவது குறைந்தது.

செருமானியர் வேறு வழி நினைந்தனர். பை வெறுமையாயிருக்கும்போது ஓட்டக்காரர் மெல்ல நடந்தால் என்ன? குரல் தாழும்போது ஊர்தி அலையையும் தாழ்த்தி, குரல் எழும்போது அதனையும் எழுப்புவது அவர் முறை. ஹார்பிக், புங்ஸ், கெர்த் என்னும் மூவர் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 1930-களில் இதனை ஹாபுக் பண்பேற்றம் என்றழைத்தனர். ஊர்தி அலை பண்பேற்றத்திற்கேற்ப மெய்யாகவே மாறியது இம்முறையிற்றான். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. குரல் உயருமுன் ஊர்தி உயர்ந்து நிற்க வேண்டும். பிந்தினால் சொல்லின் முதலெழுத்தே சிதையும். ஆகவே ஏற்றம் விரைவாகவும் இறக்கம் மெதுவாகவும் அமைத்தனர். எனினும் மின்சாரம் மலிவாயிருந்த காலத்தில் இம்முறை பரவலாக வேரூன்றவில்லை.

1973-இல் எண்ணெய் விலை பாய்ந்து ஏறியது. 1979-இல் மீண்டும் ஏறியது. அதன் பின்னர்ப் பழைய எண்ணம் புதுக் கோலத்தோடு எழுந்தது. ஐரோப்பியக் கருவியாளர் குரலோடு ஊர்தியைத் தாழ்த்தும் முறைகளை மீண்டும் வகுத்தனர். குரலற்ற இடைவெளியில் ஊர்தியின் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால் பங்காகும். 100 கிலோவாட் நிலையம் அக்கணத்தில் 25 கிலோவாட்டே அனுப்பும். பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி. 1980-களில் இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டது. இடைவெளியில் ஊர்தி முழுதாக நிற்கும். குரல் உச்சமெய்தும்போது ஊர்தியும் பக்கப் பட்டையும் சேர்ந்து பாதி ஆற்றலுக்குத் தாழும். 2011-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தகவல் தொடர்பு ஆணையமும் தன் நிலையங்கள் இத்தகைய முறைகளைக் கையாள வழி திறந்தது.

கடைக்கோடியில் நிற்பவர் கணக்கு

இரு வழிகளில் எது நல்லது? இதற்கு விடை சொல்ல வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு காவலாளியை அறிய வேண்டும். வரும் ஊர்தி அலை வலிதாயின் பெட்டியின் பெருக்கத்தைக் குறைத்தும், மெலிதாயின் கூட்டியும், குரல் ஒரே அளவில் கேட்கச் செய்யும் தானியங்கி அமைப்பு அது. ஓட்டக்காரரின் மணியோசையைக் கேட்டுக் கதவைத் திறக்கும் காவலாளி என்று அதனைக் கருதலாம். மணி உரக்க ஒலித்தால் அவன் நிமிர்ந்து நிற்பான். மணி மெலிந்தால் செவியைக் கூர்மையாக்குவான். அப்படிக் கூர்மையாக்கும்போது மணியோசையோடு காட்டின் இரைச்சலும் சேர்ந்து அவன் காதில் விழும்.

நகரத்தில், நிலையத்தின் அருகே இருப்பவருக்கு எம்முறையும் ஒன்றே. ஊர்தி கால் பங்காகத் தாழ்ந்தாலும் அவருக்கு மணி உரக்கவே கேட்கும். மலையடியில், முகட்டின் நிழலில், இடியும் மின்னலும் மிகுந்த மழைக்காலத்தில் கேட்பவர் நிலை அதுவன்று. இடைவெளியில் ஊர்தியைத் தாழ்த்தினால், செய்தி வாசிப்பவர் நிறுத்துமிடந்தோறும் பெட்டி இரைந்து எழும். பி.பி.சி. கைக்கொண்ட வழியில் அமைதியின்போது மணி முழுதாக ஒலிப்பதால் இரைச்சல் அடங்கியிருக்கும். குரல் உரக்கும்போது சற்றே எழும் இரைச்சலைக் குரலே மறைத்துவிடும். உச்சக் குரல் தேய்ந்த அளவுக்கு எல்லை சிறிது குறுகுவதும் உண்மையே. எனினும் கடைக்கோடியில் இருப்பவரைக் கருத்திற்கொண்டால் அதுவே இரக்கமுள்ள வழி என்பது நம் கருத்து.

சிக்கனம் தீது என்று நாம் சொல்லவில்லை. மின்சாரம் பொதுச் சொத்து. அதை மிச்சம் பிடிப்பது கடமை. ஆனால் மிச்சத்தின் விலையைச் செலுத்துபவர் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நிலையத்தில் மிஞ்சுவது எல்லையில் இருப்பவர் செவியில் இரைச்சலாக வந்து விழுமாயின், அதனைக் கணக்கில் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

இன்றைய நிலையும் நம் கடமையும்

செருமனியின் தேசிய ஒலிபரப்பு 2015-ஆம் ஆண்டு இறுதியோடு மத்திய அலையை நிறுத்திற்று. பிரான்சின் அரசு வானொலியும் அவ்வாண்டோடு நிறுத்திற்று. ஊர்தியைத் தாழ்த்தக் கற்பித்த நாடே ஊர்தியை ஓய்வு பெறச் செய்தது விந்தையன்றோ! நம் நாட்டில் ஆல் இந்தியா ரேடியோ முப்பதுக்கு மேற்பட்ட மத்திய அலை நிலையங்களில் டி.ஆர்.எம். என்னும் எண்முறை ஒலிபரப்பிற்கான கருவிகளை நிறுவிற்று. அம்முறை குறைந்த ஆற்றலில் தெளிந்த ஒலி தர வல்லது. ஆனால் பழைய பெட்டியில் அது வெறும் இரைச்சலே. கேட்க விரும்புவோர் புதுப் பெட்டி வாங்க வேண்டும். பண்பலை நிலையங்களின் ஒலி இனியது. ஆயின் அவ்வலை ஏறக்குறைய பார்வை செல்லும் நேர்வழியே போவதாகலின், மலை குறுக்கே நின்றால் அங்கேயே நின்றுவிடும். மீண்டும் அதே கேள்விதான். நிலையம் ஏற்ற செலவு மெல்ல மெல்லக் கேட்பவர் தலைக்கு மாறுகின்றது.

போனக்காட்டிலும் காலம் மாறிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையின் ஓசை அடங்கிற்று. பல குடும்பங்கள் மலையிறங்கின; எஞ்சியோர் பழைய லயங்களில் இருந்தனர். நம் பிள்ளைகள் கைப்பேசியில் உலகெங்கும் உள்ள தமிழைக் கேட்கின்றனர், அது மகிழத்தக்கதே. ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் ஒரு சிறு பெட்டியைச் சுற்றி அமர்ந்து, இரைச்சலுக்கிடையே தாய்மொழியைப் பொறுக்கியெடுத்துக் காத்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லயத்தில் முதல் வானொலிப் பெட்டி யார் வீட்டிற்கு வந்தது, அதனைக் கேட்க யார் யார் கூடினர், எந்த முள்ளில் எந்த ஊர் எடுத்தது, ஏரியல் கம்பியை எந்த மரத்தில் கட்டினர் என்பனவற்றைச் சொல்ல வல்ல பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அடுத்த ஆண்டு விழாவிற்குள் அவர்கள் அருகமர்ந்து கேட்டு எழுதி வைப்போம். வீட்டில் பழுதாய்க் கிடக்கும் பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். விழாவன்று கொண்டு வந்து காட்சிக்கு வைப்போம்.

ஊர்தி அலையில் ஒரு சொல்லும் இல்லை என்று முன்னர்ச் சொன்னோம். ஆயினும் அது தேய்ந்த கணத்தில் சொல்லெல்லாம் நெளிந்தன. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலைச்சரிவில் ஏறியிறங்கிய நம் தாய்மாரும் தந்தைமாரும் ஏட்டில் ஒரு வரியும் எழுதி வைக்காமல் போனவர்களே. அவர்கள் சுமந்ததனால் அன்றோ இன்று நாம் இம்மலரில் தமிழ் எழுதுகின்றோம்? சுமந்தவரை நினைப்போம், அவர் சுமந்த மொழியைப் போற்றுவோம்.